அம்பலம் ஏறிய மெய்யியல்

விழா மலருக்குக் கட்டுரை வரைவோர் தம் பழைய ஆசிரியரை நினைந்து உருகுதலும், கல்லூரி மணியோசையைப் போற்றுதலும் வழக்கம். அவ்வழக்கத்தை யாம் குறை கூறவில்லை. எமக்கும் அத்தகைய நினைவுகள் உண்டு. எனினும், மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டு வந்த அன்று நிகழ்ந்த சிறியதோர் உரையாடல் எம்மை வேறு பொருளின்பாற் செலுத்திவிட்டது. வந்த மூவருள் ஒருவர் பொறியியலாளர். எம்மிலும் இருபது ஆண்டு இளையவர். உயர்தர வகுப்பில் அளவையியல் கற்கும் பிள்ளைகளின் தொகை குறைந்து வருவதைப் பற்றிப் பேச்செழுந்தபோது அவர் சிரித்துக்கொண்டே, "மாஸ்ரர், அந்தப் பாடம் புள்ளி எடுப்பதற்கு நல்லதுதான். அதற்குமேல் அதனால் யாருக்கு என்ன?" என்றார்.

அவ்வேளை தேநீர் வந்துவிட்டது. பேச்சும் வேறு திசையில் திரும்பிற்று. ஆயினும் "யாருக்கு என்ன" என்ற அச்சொல் எம் நெஞ்சில் நின்றுவிட்டது. அப்பாடத்தைப் பல்லாண்டு கற்பித்தோம் ஆதலின் எமக்குச் சினம் வந்திருத்தல் வேண்டும். வந்ததோ நாணம். யாம் கற்பித்த முறையை எண்ணிப் பார்த்தோம். நியாயத்தொடையின் வகைகளைக் கரும்பலகையில் எழுதினோம், பிள்ளைகள் மனனஞ் செய்தார்கள், பரீட்சையிற் சித்தியெய்தினார்கள். மனிதர் யாவரும் இறப்பவர், சோக்கிரட்டீஸ் மனிதர், ஆகவே சோக்கிரட்டீஸ் இறப்பவர் என்று எத்தனை முறை எழுதியிருப்போம்! அந்தச் சோக்கிரட்டீஸ் எதன்பொருட்டு இறந்தார் என்பதை ஒரு பாடவேளையிலேனும் விரித்துரைத்தோமா என்றால், இல்லை. பாடத்திட்டத்தில் அது இல்லை.

அன்று அந்த இளைஞருக்குச் சொல்லாது விட்ட விடையை இங்கே எழுதுகின்றோம். அது ஒரு மனிதரின் வரலாறாகவே அமைகின்றது. அவர் நம் நாட்டவரல்லர், நம் சமயத்தவருமல்லர். முன்னாட் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகராகிய பிராக்கில் வாழ்ந்த யான் பத்தொச்கா என்னும் மெய்யியற் பேராசிரியர் அவர். மெய்யியல் பொதுமன்றுக்கு வந்து ஓர் அரசை எதிர்த்து நிற்குமாயின் அஃது எவ்வாறு நிற்கும், எதனாற் சாதிக்கும், எதனைச் சாதியாது என்று அறிய விரும்புவோர்க்கு இதனினும் தெளிவான உதாரணம் சென்ற நூற்றாண்டில் எமக்குக் கிடைக்கவில்லை.

பத்தொச்கா 1907ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையில் ஜேர்மனி சென்று பிரைபேர்க் நகரில் எட்மண்ட் ஹுசேர்ல் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். அவர் அங்குச் சென்ற 1933ஆம் ஆண்டு சாமானியமான ஆண்டன்று. இட்லரின் ஆட்சி அவ்வாண்டிலேயே தொடங்கிற்று. யூத குலத்திற் பிறந்தவர் என்ற ஒரே காரணத்தால் முதியவராகிய ஹுசேர்ல் சர்வகலாசாலையிலிருந்து விலக்கப்பட்டார். அதே ஏப்ரில் மாதத்தில் அவர்தம் மாணாக்கரும் அக்காலத்தின் புகழ்மிக்க மெய்யியலாளருமாகிய மார்ட்டின் ஹைடெகர் அச்சர்வகலாசாலையின் தலைவராகி, அடுத்த மாதம் நாசிக் கட்சியிலும் சேர்ந்தார். இருபத்தாறு வயது இளைஞராகிய பத்தொச்கா இவ்விருவர்தம் சூழலிலும் இருந்து கற்றார். மெய்யியல் கற்றவன் தானாகவே நல்லவனாகிவிடுவான், கொடுமையை எதிர்ப்பான் என்று எவரேனும் எம்மிடம் கூறினால் யாம் இந்தப் பிரைபேர்க் நகரை நினைவூட்டுவோம். நூலறிவு ஒருவரை எப்பக்கமும் இட்டுச் செல்லும்.

இவ்விடத்தில் ஒரு சிறு பொருளைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றோம். ஹுசேர்ல் தம் மாணாக்கருக்கு 1934ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகையில் ஒரு பரிசு கொடுத்தார். நூலை வைத்து வாசிப்பதற்கான சிறிய மரப்பீடம் அது. அப்பீடத்தை ஹுசேர்லுக்கு அவர்தம் இளமையிற் கொடுத்தவர் தோமாஸ் மசாரிக். மசாரிக் யாரெனின், பிராக்கில் மெய்யியல் கற்பித்த பேராசிரியராயிருந்து, 1918இல் தம் நாடு விடுதலை பெற்றபோது அதன் முதற் சனாதிபதியானவர். எம் மதிப்பில் அவர் பெருமை சனாதிபதிப் பதவியால் வந்ததன்று. 1899ஆம் ஆண்டு ஹில்ஸ்னர் என்னும் ஏழை யூத இளைஞன்மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. கிறித்தவப் பெண்ணின் இரத்தத்தைச் சமயச் சடங்குக்காக எடுத்தான் என்று ஊரே கூவிற்று. மசாரிக் அவ்வழக்கைப் பரிசீலித்து, சான்றுகள் நில்லா என்றும் அச்சடங்குக் கதை மூடநம்பிக்கை என்றும் எழுதினார். தம் மாணாக்கரே வகுப்பிற் கூச்சலிட்டு அவரைப் பேசவிடாது தடுத்தனர். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம் பழமொழி. அந்த ஏழையின் சொல்லை அம்பலத்தில் ஏற்றுதற்கு ஒரு பேராசிரியர் தம் நற்பெயரை ஏணியாகக் கொடுத்தார். அன்னாரின் மரப்பீடந்தான் கைமாறிப் பத்தொச்காவிடம் வந்தது. நம் ஆதீனங்களிலே குருபரம்பரையின் பொருள்கள் வழிவழியாக வருவது போலவே இதுவும் வந்ததென்று யாம் எண்ணுவதுண்டு.

ஆயினும் பத்தொச்கா மசாரிக்கைப் போன்ற அரசியல் நாட்டம் உடையவரல்லர். இதனை அழுத்திக் கூறவேண்டும். நாசிகள் 1939ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் செக் சர்வகலாசாலைகளை மூடினர். அவர் பள்ளிக்கூட ஆசிரியராய் இருந்து காலங்கழித்தார். போருக்குப்பின் சர்வகலாசாலைக்கு மீண்டார். 1948இல் ஆட்சியைக் கைப்பற்றிய பொதுவுடைமைக் கட்சி அவரை விரைவிலேயே வெளியேற்றிற்று. பின்பு பழைய கல்வியறிஞராகிய கொமேனியஸின் நூல்களைப் பதிப்பிக்கும் அடக்கமான பணியில் ஆண்டுகள் கழிந்தன. 1968ஆம் ஆண்டு வசந்தத்திற் சிறிது தளர்வு தோன்றிற்று. பேராசிரியர் பதவி கிடைத்தது. அவ்வாண்டு ஓகத்து மாதமே சோவியத்து நாட்டின் படைகள் புகுந்தன. 1972இல் அவரைக் கட்டாய ஓய்வில் அனுப்பினர். இவ்வளவுக்கும் அவர் கூச்சலிட்டவரல்லர், துண்டுப்பிரசுரம் எறிந்தவருமல்லர். தம் நூல்களோடு ஒதுங்கி வாழ்ந்த பலருள் ஒருவராகவே அரசு அவரைக் கருதியிருத்தல் வேண்டும்.

ஓய்வில் அனுப்பப்பட்டவர் வாளாவிருக்கவில்லை. வீடுகளிலே பாடஞ் சொல்லத் தொடங்கினார். மாணாக்கர் சிலர் மாலையிற் கூடுவர், பிளேட்டோவை எடுத்து வாசிப்பர், முதியவர் விளக்குவர். திண்ணைப் பள்ளிக்கூடத்தையும் கோயிலிற் புராணபடனத்தையும் அறிந்த நமக்கு இக்காட்சி புதிதன்று. வாசிப்பவர் ஒருவர், பயன் சொல்பவர் ஒருவர், கேட்போர் சுற்றியிருப்பர். வேறுபாடு யாதெனின், பிராக்கில் வீதிமுனையில் நிற்கும் மனிதன் யார் வந்தார் போனார் என்று குறிப்பெழுதிக் கொண்டிருப்பான். அவர் சொற்பொழிவுகளை மாணாக்கர் ஒலிநாடாவிற் பதிந்து, தட்டெழுத்துப் பொறியில் கரித்தாள் வைத்துப் பல பிரதிகளாக அடித்துக் கைமாற்றிக் கொண்டனர். உயிரைப் பேணுதல் என்பதே அவர் விரும்பியெடுத்த பொருள். சோக்கிரட்டீசின் ஏதென்சு நகரிலிருந்து ஐரோப்பா பெற்ற உண்மையான முதுசொம், தன் வாழ்வைத் தானே வினாவி ஆராய்தல் என்பதே என அவர் விளக்கினார். இதிலே அரசுக்கு எதிரான சொல் ஒன்றுகூட இல்லை. எனினும், தன்னைத்தான் வினாவப் பழகியவன் பிறகு பிறரையும் வினாவுவான் என்பதை அரசினர் நன்கு அறிந்திருந்தனர்.

வினாவுங் காலம் 1976இல் வந்தது. நீண்ட கூந்தலும் உரத்த வாத்தியமும் உடைய இசைக் குழுவினரையும் அவர்தம் நண்பர்களையும் அவ்வாண்டு பொலிசார் பிடித்தனர். செப்ரெம்பர் மாதத்து வழக்கில் நால்வருக்கு எட்டு மாதந் தொடக்கம் பதினெட்டு மாதம் வரை சிறை விதிக்கப்பட்டது. அவ்விளைஞர் எக்கட்சியையுஞ் சார்ந்தவரல்லர். தம் மனம்போல் பாடினர் என்பதே குற்றம். நாடகாசிரியர் வாத்ஸ்லாவ் ஹாவெல் போன்றோர் இவ்வழக்கைக் கண்டு கலங்கினர். இவர்களைக் காப்பாற்றாவிடின் நாளை எவரையுங் காப்பாற்ற இயலாது என்று உணர்ந்தனர். அறுபத்தொன்பது வயதுப் பேராசிரியரும் அவர்களோடு சேர்ந்தார். தமக்கு உவப்பானவரின் உரிமைக்காகப் பேசுவது எளிது. தம் தலைமுறைக்கு முற்றும் புறம்பான கூச்சல் இசைக்காரருக்காக ஒரு பிளேட்டோ ஆராய்ச்சியாளர் எழுந்தார் என்பதையே யாம் இங்குக் கவனிக்கின்றோம்.

இதிலிருந்து பிறந்ததே சாசனம் 77 எனப் பெயர்பெற்ற அறிக்கை. 1977ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதியிட்டு, ஏறத்தாழ 240 பேர் கையொப்பத்துடன் அது வெளிவந்தது. ஹாவெல், முன்னாள் வெளிநாட்டமைச்சர் யிரி ஹாயெக், பத்தொச்கா ஆகிய மூவரும் அதன் சார்பிற் பேசுவோராக நியமிக்கப்பட்டனர்.

அளவையியல் பயனற்றது என்ற எம் பொறியியல் நண்பர் இவ்வறிக்கையின் நியாயத்தைச் சிறிது ஊன்றிக் கவனித்தல் வேண்டும். சிவில், அரசியல் உரிமைகள் பற்றியும் பொருளாதார, சமூக உரிமைகள் பற்றியும் ஐக்கிய நாடுகள் சபை 1966இல் ஏற்ற இரு உடன்படிக்கைகளில் செக்கோஸ்லோவாக்கியா 1968இல் ஒப்பமிட்டது. 1975இல் ஹெல்சிங்கி மகாநாட்டில் அவற்றை மீளவும் உறுதிசெய்தது. 1976 மார்ச்சு 23ஆம் நாள் தொடக்கம் அவை அந்நாட்டிலே நடைமுறைக்கு வந்தன. அவ்வாண்டின் பிற்பகுதியில் அரசின் சட்டத் தொகுப்பிலும் அச்சாயின. கருத்தைக் கூறும் உரிமை, அச்சமின்றி வாழும் உரிமை, கல்வி பெறும் உரிமை எல்லாம் அதிலே இருந்தன. சாசனத்தார் செய்ததெல்லாம் அச்சட்டத் தொகுப்பைத் திறந்து வாசித்ததுதான். பேரெடுகூற்று அரசினுடையது: குடிகள் யாவர்க்கும் இவ்வுரிமைகள் உள. சிற்றெடுகூற்று நாட்டில் எவரும் கண்ணாற் காணக்கூடியது: இன்னின்னாருக்கு அவை மறுக்கப்படுகின்றன. முடிவை அரசே சொல்லட்டும் என்று விட்டுவிட்டனர். ஆட்சியைக் கவிழ்ப்போம் என்றோ வேறொரு கொள்கையை நிறுவுவோம் என்றோ அவர்கள் கூறவில்லை. அரசுடன் உரையாட விரும்புகின்றோம் என்றே எழுதினர். சங்கம் இல்லை, அங்கத்துவம் இல்லை, விதிகள் இல்லை, கந்தோரும் இல்லை. கட்சியிலிருந்து நீக்கப்பட்ட பழைய பொதுவுடைமையாளர், கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்துப் போதகர், எச்சமயமும் இல்லாதார் எல்லாரும் அந்த ஒரு தாளின் கீழே பெயரெழுதினர்.

அரசு என்ன செய்தது? சனவரி 6ஆம் நாள் ஹாவெலும், எழுத்தாளர் வாத்சுலிக்கும், நடிகர் லந்தொவ்ஸ்கியும் அறிக்கையைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டு செல்லும் வழியிலே பொலிசார் அவர்கள்தம் மோட்டார் வண்டியை மறித்து அவர்களைப் பிடித்தனர். மறுநாள் மேனாட்டுப் பத்திரிகைகளில் அறிக்கை வெளிவந்தது. 12ஆம் நாள் கட்சிப் பத்திரிகை கையொப்பமிட்டோரை வாழ்விலே தோற்றோர் என்றும் தாமே தமக்குத் தலைமை சூட்டிக்கொண்டோர் என்றும் ஏசிற்று. 28ஆம் நாள் பிராக்கின் தேசிய நாடக மண்டபத்திற் கலைஞரையும் பாடகரையும் நடிகரையுங் கூட்டிவைத்துச் சாசனத்தைக் கண்டிக்கும் எதிரறிக்கையொன்றில் ஒப்பமிடுவித்தனர். பின்னர் நாடெங்கும் பல்லாயிரவர் அவ்வாறே ஒப்பமிட்டனர்.

இதிலே ஒரு விநோதம் உண்டு. சாசனம் அந்நாட்டில் எப்பத்திரிகையிலும் வெளியிடப்படவில்லை. கண்டித்து ஒப்பமிட்டோருட் பெரும்பாலார் அதனை வாசித்தவரல்லர், வாசிக்க முடியாதவர். நம் சைவசித்தாந்த மரபிலே சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதியாக அமைந்துள்ளதை இம்மலரை வாசிப்போர் அறிவர். மாற்றார் கூற்றை முதலில் நிறுத்தி, பின்னரே மறுப்பும் தன் கொள்கையுங் கூறுவது அந்நெறி. உலகாயதனின் கூற்றையும் அருணந்தி சிவாசாரியார் எடுத்துவைத்துத்தான் மறுக்கின்றார். பரபக்கத்தை மறைத்துவைத்து மறுப்புக்கு மட்டும் கையொப்பம் வாங்கியது அப்பிராக் அரசு. வலிமை வாய்ந்த அரசொன்று சில தாள்களைக் கண்டு இவ்வாறு நடுங்குவானேன் என்று வியப்போர்க்கு எம் விடை இதுவே: அத்தாள்களில் இருந்தது அதன் சொந்தச் சொல். தான் சொன்ன சொல்லை மெய்யெனக் கொண்டு ஒருவன் திருப்பிச் சொல்லும்போது அதனை மறுக்க அவ்வரசிடம் நியாயம் இருக்கவில்லை, பொலிசார்தாம் இருந்தனர்.

பத்தொச்கா இரண்டு மாதங்கள் அழைக்கப்பட்டுக் கொண்டேயிருந்தார். விசாரணை, மீண்டும் விசாரணை. அவற்றினூடே சில சிறு கட்டுரைகள் எழுதினார். அறம் என்பது சமுதாயம் வசதிக்காக ஏற்படுத்திக்கொண்ட கருவியன்று, மனிதனை மனிதனாக்குவதே அது, அரசுங்கூட அதற்குக் கட்டுப்பட்டது என்பது அவற்றின் சாரம். துன்புறுதற்குத் தகுதியான காரியங்கள் சில உலகில் உள என்பதை மக்கள் மீளவும் உணரத் தொடங்கியுள்ளனர் எனவும் எழுதினார். மார்ச்சு முதலாந் திகதி அந்நாட்டுக்கு வந்திருந்த ஒல்லாந்த வெளிநாட்டமைச்சர் வன் டெர் ஸ்தூல் அவரைச் சந்தித்தார். சினங்கொண்ட சனாதிபதி ஹூசாக் அவ்வமைச்சரைத் தாம் சந்திக்கவிருந்ததை இரத்துச் செய்தார். பின்னர்ப் பல மணித்தியாலம் நீடித்த விசாரணை ஒன்று நடந்தது. முதியவரின் உடல் தாங்கவில்லை. மூளையில் இரத்தப்பெருக்கு ஏற்பட்டு மார்ச்சு 13ஆம் நாள் வைத்தியசாலையிற் காலமானார்.

பிறேவ்னொவ் மயானத்தில் நிகழ்ந்த அடக்கத்தின்போது மேலே பொலிசாரின் ஹெலிகொப்டர் வட்டமிட்டது. அண்மையிலுள்ள ஓட்டத்திடலில் மோட்டார்ச் சைக்கிள்களை உறுமவிட்டனர். பாதிரியாரின் சொல் எவர் காதிலும் விழாதபடி செய்வதே நோக்கம். வந்திருந்தோரின் முகங்களைப் படம் பிடித்தனர். இறந்த மெய்யியலாளர் ஒருவரின் பெட்டிக்கு இத்தனை ஆரவாரம்!

மெய் என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் உண்மை என்றும் பொருள், உடம்பு என்றும் பொருள். மெய்யியல் என்று பெயரிட்ட நம் முன்னோர் இவ்விரண்டையும் எண்ணித்தான் பெயரிட்டனர் என்று கூற யாம் துணியோம். ஆனால் பிராக்கில் அவ்விரண்டும் ஒன்றாயின. அப்பர் சுவாமிகள் பல்லவ மன்னனின் ஆணைக்குப் பணியாது நீற்றறையிற் புகுந்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர் நாம். அங்கே திருவருள் துணை நின்றது. நீற்றறை குளிர்ந்தது என்று பெரியபுராணங் கூறும். பத்தொச்காவுக்கு நீற்றறை குளிரவில்லை. அவ்வாறு குளிரும் என்று எதிர்பார்த்து அவர் போகவுமில்லை. இவ்வேறுபாட்டை எண்ணும்போது எம் சமயப்பற்றுக் குறைவதில்லை. அம்மனிதர்பால் மதிப்புக் கூடுகின்றது.

இனி, மறுப்போர் கூற்றையும் நேர்மையாக எடுத்துவைத்தல் வேண்டும். பரபக்கத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு யாமே அதனைக் கைவிடலாகாது.

இதனால் என்ன நடந்தது என்பர் சிலர். பன்னிரண்டு ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை என்பதே உண்மை. ஒப்பமிட்டோர் வேலையிழந்தனர், பிள்ளைகளுக்குச் சர்வகலாசாலை மறுக்கப்பட்டது, கலாநிதிகள் கொதிகலன்களுக்குக் கரி போட்டனர், கண்ணாடி துடைத்தனர், இராக்காவல் செய்தனர். 1989 வரையிலுங்கூட ஒப்பமிட்டோர் தொகை ஏறக்குறைய 1,900 மட்டுமே. ஒன்றரைக் கோடி மக்களில் 1,900! அவ்வாண்டு நவம்பரில் ஆட்சி வீழ்ந்ததற்குச் சோவியத்து நாட்டின் மாற்றமும், பொருளாதாரச் சோர்வும், வீதிக்கு இறங்கிய இலட்சக் கணக்கானோரும் காரணம். மெய்யியல் ஆட்சியைக் கவிழ்த்தது என்று எழுதுவோரோடு யாம் உடன்படோம். அது புகழ்மாலை, வரலாறன்று.

ஆயினும் ஒன்று கேட்கின்றோம். நாசிகள் சர்வகலாசாலைகளை மூடிய நாளின் ஐம்பதாவது ஆண்டு நினைவாக 1989 நவம்பர் 17இல் மாணவர் ஊர்வலம் போயினர், பொலிசார் அடித்தனர், அதிலிருந்து பெரும் கிளர்ச்சி மூண்டது. அப்போது பேசுவதற்கு, பேரம் பேசுவதற்கு, பழிவாங்காது ஆட்சியை ஏற்பதற்கு ஆட்கள் எங்கிருந்து வந்தனர்? கொதிகலன் அறையிலிருந்து வந்தனர். கரி போட்டுக்கொண்டிருந்த பத்திரிகையாளர் யிரி தீன்ஸ்த்பியர் அவ்வாண்டு டிசெம்பரில் வெளிநாட்டமைச்சரானார். ஹாவெல் டிசெம்பர் 29இற் சனாதிபதியானார். பொய் பேசாது வாழப் பழகிய ஒரு சிறு கூட்டம் அங்கே அழியாது இருந்தது. அதனை வைத்திருந்ததே அப்பன்னிரண்டு ஆண்டின் வேலை. பதவியேறியபின் அவர்கள் எல்லாவற்றையுஞ் சரியாகச் செய்தனர் என்று யாம் சொல்லவில்லை. நாடே 1993இல் இரண்டாகப் பிரிந்தது.

ஹாவெல் 1978இல் எழுதிப் பத்தொச்காவின் நினைவுக்கு உரிமையாக்கிய நீண்ட கட்டுரையொன்று உண்டு. வலியற்றோரின் வலிமை என்பது அதன் தலைப்பு. அதிலே ஒரு மரக்கறிக் கடைக்காரர் வருகின்றார். உலகத் தொழிலாளர் ஒன்றுசேர வேண்டும் என்னும் வாசகப் பலகையை அவர் தம் கடையில் வெங்காயத்துக்கும் கரட்டுக்கும் நடுவே வைக்கின்றார். அவ்வாசகத்தைப் பற்றி அவர் ஒருகணமும் எண்ணியதில்லை. பலகை வந்தது, வைத்தார், வைக்காவிடின் தொல்லை. அதன் உண்மைப் பொருள், நான் அஞ்சுகின்றேன், ஆதலால் பணிகின்றேன் என்பதே. அதனை அப்படியே எழுதிவைக்கச் சொன்னால் அவர் வெட்கப்படுவார் என்கின்றார் ஹாவெல். ஓர் அரசின் பலம் அதன் பீரங்கியைவிட இத்தகைய பலகைகளிலேயே மிகுதியும் தங்கியிருக்கின்றது என்பது அவர் கண்ட உண்மை. எம் ஊர்ச் சங்கக்கடையின் முன்னும், சந்தை வாயிலிலும், காலத்துக்குக் காலம் எத்தனை வாசகங்கள் ஏறி இறங்கின என்பதை வாசகர் நினைவுகூரலாம். யார் எழுதியவை என்பதன்று கேள்வி. நாம் எப்படி அவற்றைக் கடந்து போனோம் என்பதே.

மற்றொரு மறுப்பு எமக்கு அதிகம் உறைக்கின்றது. ஆசிரியன் பாடத்தோடு நிற்கவேண்டும், அரசியல் அவனுக்கு ஏன் என்பர். நாங்களும் பல்லாண்டு அவ்வாறே நின்றோம். அது கோழைத்தனம் மட்டுமே என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. எம் மண்ணிலே வினாவெழுப்பியவர் வீடு திரும்பாத காலம் இருந்தது. கற்பித்துக்கொண்டிருந்தவரும் எழுதிக்கொண்டிருந்தவரும் வீதியில் வீழ்ந்தனர். எத்தரப்பினர் கையால் என்று எழுதப் புகின் கட்டுரை வேறு வழியிற் போய்விடும். ஒரு தரப்பினர் கையால் மட்டுமன்று என்பது தெரிந்தவர்க்குத் தெரியும். அக்காலத்தில் வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு நியாயத்தொடை கற்பித்தவர்மீது இன்று கல்லெறிய யாம் முன்வரோம், எறிந்தால் அது எம்மேலேயே விழுமாதலின். ஆனால் அக்காலம் போயிற்று. அச்சம் போயிற்றா? கூட்டத்தில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டால், கேள்வியைப் பாராது, இவரை யார் அனுப்பியது என்று பார்க்கும் பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கின்றது. அப்பழக்கம் இருக்குமட்டும், பொலிசார் வேண்டியதில்லை; நாமே போதும்.

பாடத்தோடு நிற்பது என்பதன் பொருளையும் பிராக் நகரமே எமக்குக் கற்பித்தது. பத்தொச்காவுக்குப்பின் அவ்வீட்டு வகுப்புகள் நின்றுவிடவில்லை. யூலியுஸ் தொமின் என்னும் மெய்யியலாளர் தம் வீட்டில் வகுப்பு நடத்தி, வெளிநாட்டுச் சர்வகலாசாலைகளுக்குக் கடிதமெழுதி, வந்து கற்பியுங்கள் என்று அழைத்தார். ஒக்ஸ்போர்ட்டிலிருந்து பலர் சென்றனர். பேலியல் கல்லூரித் தலைவர் அந்தனி கென்னி 1980 ஏப்ரிலில் அவ்வீட்டில் அரிஸ்தோத்தலின் அறநூலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பொலிசார் புகுந்து அவரையும் பிடித்துச் சென்று நாட்டைவிட்டு அனுப்பினர். மறு ஆண்டு இறுதியில் பிரான்சிய மெய்யியலாளர் ஜாக் டெரிடாவின் பயணப்பெட்டியில் போதைப்பொருளை வைத்துவிட்டுக் கைதுசெய்தனர். பிரான்சிய அரசு தலையிட்டே அவரை மீட்டது. கவனிக்க: இவ்விருவரும் அங்கே அரசியற் கூட்டம் போடவில்லை. பாடத்தோடுதான் நின்றனர். கேட்க விரும்புவோர் எவரும் வந்து கேட்கலாம் என்று கதவைத் திறந்துவைத்ததே குற்றமாயிற்று. அதே நகரத்தின் சர்வகலாசாலையில் அரசு ஏற்ற மெய்யியல் நாள்தோறும் கற்பிக்கப்பட்டது. அங்கே எவரும் கைதாகவில்லை. ஆதலால் எது கற்பிக்கப்படுகின்றது என்பதைவிட, வினாவுக்கு இடம் உண்டா என்பதே வேறுபாட்டைச் செய்கின்றது என்பது எம் துணிபு.

பத்தொச்கா இறந்தவுடனேயே அவர் மாணாக்கர் சிலர் கையெழுத்துப் படிகளை வீட்டிலிருந்து அகற்றி மறைத்தனர். பின்னர்ப் பன்னிரண்டு ஆண்டுகள் அவற்றைத் தட்டெழுத்தில் அடித்து 27 தொகுதிகளாகச் சேர்த்தனர். அச்சுக்கூடம் இல்லை, வெளியீட்டாளர் இல்லை. விரலும் கரித்தாளும் இருந்தன. கல்லூரிப் பழைய நூல்களைக் கரையான் தின்னும்வரை விட்டுவிட்ட நமக்கு இதனை எழுதுகையில் கை சிறிது தயங்குகின்றது.

பொறியியல் நண்பருக்கு இனி ஒரு வேண்டுகோள். பழைய மாணவர் சங்கம் இவ்விழாவை முன்னிட்டு ஒரு நுழைவாயில் வளைவு கட்ட நிதி திரட்டுகின்றது என்று அறிகின்றோம். கட்டட்டும். அதனோடு செலவில்லாத காரியமொன்றையும் செய்யலாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை கல்லூரிப் பிரார்த்தனை மண்டபத்தைத் திறந்துவைக்கட்டும். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், பிரதம விருந்தினரும் வேண்டாம். வாங்குகளை வட்டமாகப் போட்டு, ஒரு சட்டத்தையோ, பத்திரிகையில் வந்த அறிக்கையையோ, கோயில் நிர்வாகத்தின் விதியையோ எடுத்து ஒருவர் வாசிக்கட்டும். அதன் எடுகூற்றுகள் யாவை, முடிவு அவற்றினின்றும் பெறப்படுகின்றதா என்று உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஆராயட்டும். பெரியவர்கள் மறுத்துப் பேச விரும்பின் முதலிற் பிள்ளை சொன்னதைப் பிழையின்றித் திருப்பிச் சொல்லிவிட்டு மறுக்கட்டும். இந்த ஒரு விதி போதும். முதல் மாலைக்கு யாம் வருவோம். சோக்கிரட்டீஸ் எதன்பொருட்டு இறந்தார் என்ற பாடம் எம்மிடம் இன்னும் நடத்தப்படாமற் கிடக்கின்றது.